லத்தீன் சுவடி படிக்கப் பழகிய நான்கு வருடங்கள்

எங்கள் ஆச்சியிடம் அட்டை கிழிந்த ஒரு பழைய ஜெபப் புத்தகம் இருந்தது. அதில் கடைசியில் சில பாட்டுகள் தமிழ் எழுத்தில் இருக்கும், ஆனால் தமிழாக இருக்காது. நற்கருணை ஆசீர் நேரத்தில் 'தாந்தும் எர்கோ சாக்ரமெந்தும்' என்று தொடங்கும் பாட்டை ஆச்சி புத்தகத்தைத் திறக்காமலே பாடுவாள். அர்த்தம் கேட்டால், "சாமிக்குத் தெரியும்லா" என்பாள். லத்தீன் என்ற மொழி எனக்கு முதலில் இப்படித்தான் காதில் விழுந்தது, தூத்துக்குடியில், தமிழ் எழுத்தில்.

அதற்கு இருபத்தைந்து வருடம் கழித்து, கணவருடைய வேலைக்காக சூரிச் வந்து சேர்ந்தபோது, மாலை வகுப்புகளில் ஒன்றாக லத்தீனைப் பார்த்தேன். ஆச்சி ஞாபகத்தில் சேர்ந்துவிட்டேன். ஒரு வருடம் இலக்கணம் படித்த பிறகு, இடைக்கால லத்தீன் கையெழுத்துகளைப் படிக்கும் இன்னொரு வகுப்பு. இப்போது நான்கு வருடம் ஆகிறது. இதில் இறங்கலாமா என்று யோசிக்கிற தமிழர் யாராவது இருந்தால் அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் நான் தொடங்கியபோது தமிழில் இதைப் பற்றிச் சொல்ல எனக்கு யாரும் இல்லை.

முதல் வகுப்பிலேயே ஒரு பதினான்காம் நூற்றாண்டுப் பக்கத்தைத் திரையில் போட்டார்கள். கோத்திக் எழுத்து. எனக்கு எழுத்தே தெரியவில்லை, கோரைப்பாயை நிறுத்தி வைத்த மாதிரி வரிசையாக நெட்டுக் கோடுகள்தான் தெரிந்தன. அன்றைக்கு வீட்டுக்கு வந்து இது நமக்கு வராது என்றே முடிவு கட்டினேன். பிறகுதான் புரிந்தது, தொடங்கிய இடம்தான் தப்பு.

அந்தக் கோடுகளின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இந்தப் படிப்பில் பாதிச் சிரமம் அதில்தான் இருக்கிறது. கோத்திக் எழுத்தில் 'ஐ' என்பது ஒரு குட்டி நெட்டுக் கோடு. 'யு' என்பது அதே கோடு இரண்டு. 'என்' என்பதும் இரண்டு. 'எம்' மூன்று. நாம் அச்சில் பார்க்கும் 'என்' மேலே வளைந்து சேரும், 'யு' கீழே வளைந்து சேரும். கோத்திக் எழுத்தர்கள் பலர் அந்த இணைப்பை மயிரிழையாகத்தான் போடுவார்கள், சிலர் போடவே மாட்டார்கள். அப்புறம் 'யு'வும் 'வி'யும் அவர்களுக்குத் தனித்தனி எழுத்துகள் இல்லை. 'ஐ'க்கு மேலே புள்ளியும் இல்லை. லத்தீனில் மிகச் சிறியது என்பதற்கு 'மினிமும்' என்று ஒரு சொல். அதை எழுத்துக் கூட்டினால் எம், ஐ, என், ஐ, எம், யு, எம். எண்ணிப் பாருங்கள், மூன்று, ஒன்று, இரண்டு, ஒன்று, மூன்று, இரண்டு, மூன்று. ஒரே சொல்லுக்குள் ஒரே மாதிரியான பதினைந்து கோடுகள், நடுவில் வேறெதுவும் கிடையாது. அந்தக் குட்டிக் கோட்டுக்கே 'மினிம்' என்றுதான் பெயர்.

எழுதியவர்களுக்கும் இந்தச் சிக்கல் தெரிந்தேதான் இருந்தது. பதினோராம் நூற்றாண்டு வாக்கிலிருந்து, முக்கியமாக இரண்டு 'ஐ' அடுத்தடுத்து வரும் இடங்களில், தலைக்கு மேலே சன்னமாக ஒரு சாய்கோடு இழுக்கத் தொடங்கினார்கள். இன்றைக்கு நாம் 'ஐ'க்கு வைக்கும் புள்ளி அதன் வழிவந்ததுதான். நம் ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும், எகர ஏகாரத்துக்கு வேறுபாடு இருக்காது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தச் சுவடியைப் படிக்கிறவர் மொழி தெரிந்ததால்தான் படிக்கிறார், எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு படிக்க முடியாது. இங்கேயும் அதே நிலைதான்.

எனக்குக் கைகொடுத்த வழி இது. கோடுகள் கொத்தாக வந்தால் சொல்லை ஊகிக்கக் கூடாது. படத்தைப் பெரிதாக்கி, கோடுகளை எண்ணி, எண்ணிக்கையை நோட்டில் எழுத வேண்டும். மூன்று கோடு என்றால் அது ஒரு 'எம்' ஆகலாம், 'உள்ளே' என்று பொருள்படும் 'இன்' ஆகலாம், 'யு'வும் 'ஐ'யும் சேர்ந்ததாக இருக்கலாம். எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் உள்ள சொற்களின் வேற்றுமையைப் பார்த்து ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். இங்கே தமிழ்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. லத்தீன் சொல்லின் வால் மாறினால் வேற்றுமை மாறும், சொல் வரிசை எப்படி இருந்தாலும் அர்த்தம் வாலில்தான் இருக்கும். என்னோடு படித்த சிலருக்கு இது பெரிய தலைவலியாக இருந்தது. மரம், மரத்தை, மரத்தால், மரத்துக்கு என்று வளர்ந்த நமக்கு இது அந்நியமாகப் படாது.

சரி, எங்கே தொடங்குவது? கோத்திக்கில் வேண்டாம். கரோலிங்கியன் எழுத்தில் தொடங்குங்கள். எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பேரரசர் சார்லமேன் ஆட்சிக் காலத்தில், இன்றைய பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்துப் பகுதி மடங்களில் உருவாகிப் பரவிய எழுத்து அது. உருண்டையாக, தெளிவாக, காற்றோட்டமாக இருக்கும். பார்த்ததும் ஏற்கெனவே பழகிய முகம்போலத் தோன்றும், அதற்குக் காரணம் உண்டு. 1400-ஐ ஒட்டி ஃபிளாரன்ஸ் நகரத்துப் போஜ்ஜோ பிராச்சொலினி போன்ற அறிஞர்கள் கோத்திக்கின் நெரிசல் பிடிக்காமல் இந்தப் பழைய எழுத்தைப் பார்த்து எழுதத் தொடங்கினார்கள். அவர்கள் எழுத்தைப் பார்த்து 1470-இல் வெனிஸில் நிக்கோலா ஜென்சன் அச்செழுத்து வார்த்தார். இன்றைக்கு நாம் ஆங்கிலப் புத்தகத்தில் பார்க்கும் சாதாரண எழுத்து அந்த வழியில் வந்தது. ஆக ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முந்தைய பக்கத்தை முதல் நாளே பாதி படித்துவிடலாம், அறுநூறு வருடத்துக்கு முந்தையதைப் படிக்க ஒரு வருடம் ஆகும். நான் பின்னால் வந்த எழுத்துதானே சுலபமாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன்.

கரோலிங்கியனிலும் கவனிக்க வேண்டியது சில உண்டு. 'எஸ்' எழுத்து நெட்டையாக, 'எஃப்' மாதிரியே இருக்கும், குறுக்குக் கோடு வலப்பக்கம் நீளாது, அவ்வளவுதான் வித்தியாசம். 'ஈ' எழுத்தின் அடியில் குட்டி வால் தொங்கினால் அது 'ஏ-ஈ' என்ற இரட்டை உயிர். பின்னாளில் அந்த வாலும் போய் வெறும் 'ஈ' ஆகிவிடும். அகராதியில் தேடும்போது இது தெரியாவிட்டால் சொல்லே கிடைக்காது. அதேபோல இடைக்காலத்தில் 'மிஹி', 'நிஹில்' என்ற சொற்களை 'மிக்கி', 'நிக்கில்' என்கிற மாதிரி நடுவில் ஒரு 'சி' சேர்த்து எழுதுவார்கள், 'கிராத்சியா'வில் 'டி' வர வேண்டிய இடத்தில் 'சி' வரும். பிழை என்று நினைத்துத் திருத்தாதீர்கள். அது அவர்கள் எழுத்து வழக்கம்.

இந்தத் திருத்தாதீர்கள் என்ற சொல்லை எனக்கு உறைக்க வைத்தது ஒரே ஒரு பக்கம்.

சூரிச்சிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் சாங்க்ட் காலன். அங்கே உள்ள பழைய மடத்து நூலகத்தில் சுமார் 2,100 கையெழுத்துச் சுவடிகள் இருக்கின்றன, அவற்றில் பலவற்றை 'ஈ-கோடிசெஸ்' என்ற சுவிஸ் மின்னூலகத்தில் வீட்டில் உட்கார்ந்தபடி பார்க்கலாம், காசு இல்லை. அதில் 914 என்ற எண்ணுள்ள சுவடி புனித பெனடிக்ட் தன் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கு நூல். ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது. ரைஷனாவ் மடத்தைச் சேர்ந்த கிரிமால்ட், தாத்தோ என்ற இரண்டு துறவிகள் ஆஹன் நகரில் இருந்த பிரதியைப் பார்த்துப் படியெடுத்தார்கள். அந்தப் பிரதியோ பெனடிக்ட் தொடங்கிய மோன்ட்டே கசீனோ மடத்திலிருந்து சார்லமேன் கேட்டு வாங்கியது. சாங்க்ட் காலனில் இருப்பது அந்த இருவரின் படிதான், அல்லது அதை நேராகப் பார்த்து எழுதியது.

வகுப்பில் சொன்னபடி, தெரிந்த நூலிலிருந்து தொடங்கினேன். அச்சுப் புத்தகத்தில் அதன் முதல் வரியை ஏற்கெனவே மனப்பாடம் செய்திருந்தேன், 'ஆஸ்குல்தா ஓ ஃபீலி', மகனே கேள் என்று. சுவடியைப் பார்த்து முதல் பக்கத்தை நோட்டில் எழுதி ஆசிரியரிடம் காட்டினேன். அவர் முதல் சொல்லில் விரலை வைத்து, திரும்பப் பாருங்கள் என்றார். பார்த்தேன். பெரிய எழுத்தில், எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லாமல், 'ஒப்ஸ்குல்தா' என்று இருக்கிறது. முதல் எழுத்தே 'ஓ'. அந்த 'ஓ'வைப் பார்த்துக்கொண்டே நான் 'ஏ' என்று எழுதியிருக்கிறேன்.

பெனடிக்டின் லத்தீன் ஆறாம் நூற்றாண்டுப் பேச்சு வழக்கோடு கலந்தது. பின்னால் வந்த இலக்கணம் தெரிந்த துறவிகளுக்கு அது கரடுமுரடாகப் பட்டது, படியெடுக்கும்போதே நல்ல லத்தீனாக மாற்றிக்கொண்டே போனார்கள், 'ஒப்ஸ்குல்தா' அப்படித்தான் 'ஆஸ்குல்தா' ஆனது. கிரிமால்டும் தாத்தோவும் அதைச் செய்யவில்லை. மூலத்தில் இருந்ததைச் சொல்லும் அசையும் எழுத்தும் விடாமல் அப்படியே எழுதிவிட்டு, மற்ற பிரதிகளில் இருக்கும் வேறு பாடங்களை, அதாவது மாறுபட்ட சொற்களை, ஓரத்தில் தனியாகக் குறித்தார்கள். இன்றைய பதிப்பாசிரியர் ஒருவர் செய்கிற வேலை அது, 1,200 வருடத்துக்கு முன்னால் செய்திருக்கிறார்கள். அவர்கள் காப்பாற்றிய ஓர் எழுத்தை நான் ஒரு நொடியில் மாற்றிவிட்டேன் என்பது அன்றைக்கு எனக்கு உண்மையாகவே வலித்தது. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்த இரண்டையும் நான் ஒரே மாலையில் செய்திருந்தேன்.

ஆகவே, தெரிந்த நூலிலிருந்து தொடங்குங்கள் என்று சொல்லும்போதே இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. தெரிந்த நூல் ஏணி மாதிரி, எழுத்துகளை அடையாளம் காண அது வேண்டும். ஆனால் எழுத்து பழகிய பிறகு அதே அறிவு கண்ணை மறைக்கும். நான் இப்போது முதல் பத்து வரிக்கு மட்டும் அச்சுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைப்பேன், அந்தப் பத்து வரியிலிருந்து அந்தக் குறிப்பிட்ட எழுத்தரின் அரிச்சுவடியை ஒரு தாளில் வரைந்துகொள்வேன், அவர் 'ஜீ' எப்படிப் போடுகிறார், 'ஏ' எப்படி, இரண்டு எழுத்தை எப்படிச் சேர்க்கிறார் என்று. பிறகு புத்தகத்தை மூடிவிடுவேன். பக்கம் முழுவதும் முடித்த பிறகுதான் திரும்பத் திறப்பது. ஒப்பிடும்போது வரிசையாக எழுத்தெழுத்தாக, முடிந்தால் ஒருவர் படிக்க ஒருவர் பார்க்க வேண்டும். என் மகள் படிப்பாள், அவளுக்கு லத்தீன் தெரியாது, அதனாலேயே அவள் இருப்பதை மட்டும் படிப்பாள்.

தெரிந்த நூல் என்றால் எது என்று கேட்பீர்கள். சங்கீதங்கள்தான். தமிழில் ஏற்கெனவே நமக்கு மனதில் இருக்கும், எந்த நூலகத்திலும் நான்கைந்து சுவடியாவது இருக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும். நான் 23-ஆம் சங்கீதத்தைத் தேடி, 'ஆண்டவர் என் ஆயர்' என்று தொடங்கும் வரியை எதிர்பார்த்துத் தேடித் தேடி அலுத்துப்போனேன். லத்தீன் விவிலியத்தில் சங்கீத எண்கள் பெரும்பகுதி ஒன்று குறைவு, நம் 23 அங்கே 22. அந்த 22-ஐப் பார்த்தாலும் ஆயர் என்ற சொல்லே அதில் இல்லை, 'டோமினுஸ் ரெஜித் மே' என்று இருக்கும், ஆண்டவர் என்னை ஆள்கிறார் என்பதுதான் அதன் நேர்ப்பொருள். சுவடிகளில் பல சமயம் எண்ணே இருக்காது, முதல் இரண்டு மூன்று சொல்லை வைத்துத்தான் சங்கீதத்தை அடையாளம் காண்பார்கள். அதனால் முதல் வரிகளின் பட்டியல் ஒன்றைக் கையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சுருக்கக் குறிகள். என்னை இந்தப் படிப்பில் முழுதாக இழுத்துப்போட்டது இதுதான்.

என் அப்பா பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு சின்னக் கடையில் முப்பது வருடம் உட்கார்ந்து பத்திரம் எழுதினவர். பழைய பத்திரங்களில் மேற்படி என்பதற்கு ௸ என்று ஒரு குறி இருக்கும், வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴. ஒரே பத்திரத்தில் மேற்படி என்ற சொல் நாற்பது தடவை வந்தால் யார் நாற்பது தடவையும் முழுதாக எழுதுவது? அந்த ௸ குறியைப் பார்த்துப் பலர் 'ஷை' என்று எழுத்தாகவே படிப்பார்கள், பிறகு அதுவே ஒரு சொல்லாகி ஷை சொத்து, ஷை நபர் என்று அச்சிலேயே வந்துவிட்டது.

லத்தீனில் இதே கதை இயேசுவின் பெயருக்கு நடந்திருக்கிறது. புனிதப் பெயர்களைச் சுருக்கி மேலே கோடு போடும் வழக்கம் கிரேக்கத்திலிருந்து வந்தது. இயேசு என்ற கிரேக்கப் பெயரின் இரண்டாவது எழுத்து 'ஈட்டா', அது பார்க்க லத்தீன் 'ஹெச்' மாதிரி இருக்கும். லத்தீன் எழுத்தர்கள் அதை 'ஹெச்' என்றே எடுத்துக்கொண்டு, விரித்து எழுதும்போது பெயருக்கு நடுவே இல்லாத ஒரு ஹகரத்தைச் சேர்த்து 'இஹேசுஸ்' என்று எழுதினார்கள். கிறிஸ்து என்பதன் சுருக்கத்தில் 'எக்ஸ்', 'பீ' என்று தெரிவதும் கிரேக்க எழுத்துகள்தான். நான் இதை வகுப்பில் கேட்டபோது அப்பாவின் கடையும் அந்த ஷை-யும்தான் கண்முன் வந்தன. அன்றிரவே போன் போட்டு அவரிடம் சொன்னேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

குறிகள் பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அடிப்படை கொஞ்சம்தான். எழுத்துக்கு மேலே கோடு இருந்தால் பெரும்பாலும் 'எம்' அல்லது 'என்' விடுபட்டிருக்கிறது. 'பீ' எழுத்தின் காலைக் குறுக்கே வெட்டினால் 'பெர்', காலில் இடப்பக்கமாக ஒரு கொக்கி வளைந்தால் 'ப்ரோ', தலைக்கு மேலே கோடு என்றால் 'ப்ரே'. ஒன்பது போன்ற வடிவம் சொல்லின் முதலில் வந்தால் 'கோன்', கடைசியில் மேலே தூக்கி எழுதியிருந்தால் 'உஸ்'. ஏழு போல இருப்பது 'எத்', நம் உம். எழுத்தின் தலையில் ஒரு குட்டி உயிரெழுத்து உட்கார்ந்தால் நடுவில் ஏதோ, பெரும்பாலும் ஓர் 'ஆர்', விழுந்திருக்கிறது. இந்த அளவு தெரிந்தால் பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பக்கத்தில் பாதிச் சுருக்கம் அவிழ்ந்துவிடும். மீதிக்கு அட்ரியானோ கப்பெல்லியின் அகராதி இருக்கிறது, 1899-இல் முதலில் வந்தது, ஏறத்தாழ 14,000 சுருக்கங்கள், இணையத்தில் இலவசம். இத்தாலிய மொழியில் இருந்தாலும் பயப்பட வேண்டாம், படத்தைப் பார்த்துத் தேடுவதுதானே. ஆனால் ஒன்று, எல்லாவற்றையும் முதலிலேயே மனப்பாடம் செய்யப் போகாதீர்கள், நான் இரண்டு மாதம் அதில் வீணாக்கினேன். ஒரே எழுத்தர் திரும்பத் திரும்பப் போடுவது முப்பது நாற்பது குறிக்குள்தான் இருக்கும், அந்தப் பக்கத்திலிருந்தே அதைக் கற்றுக்கொள்ளலாம்.

ஆபத்தான ஜோடிகளை மட்டும் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 'ஜீ' தலையில் குட்டி 'ஐ' இருந்தால் 'இகிதுர்', குட்டி 'ஓ' இருந்தால் 'எர்கோ'. இரண்டுக்கும் ஆகவே என்றுதான் பொருள், மாற்றிப் படித்தாலும் உலகம் முழுகிப்போகாது. ஆனால் ஆன்மா என்று பொருள்படும் 'அனிமா'வையும் எல்லாம் என்று பொருள்படும் 'ஒம்னியா'வையும் பாருங்கள். இரண்டையும் மூன்று எழுத்தாகச் சுருக்கி மேலே கோடு போடுவார்கள், முதல் எழுத்து மட்டும் ஒன்றில் 'ஏ', இன்னொன்றில் 'ஓ'. அவசரக் கையெழுத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது மயிரிழை. நம் 103-ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தில், 'என் உயிரே, ஆண்டவரைப் போற்றிடு' என்று வருகிற அந்த இடத்தில், லத்தீனில் இந்த இரண்டு சொல்லும் ஒரே வசனத்துக்குள் அடுத்தடுத்து வருகின்றன. நான் அங்கே ஆன்மாவை எல்லாம் என்றும், எல்லாவற்றையும் ஆன்மா என்றும் மாற்றிப் படித்துவிட்டு, ஏதோ புதுப் பாடம் கண்டுபிடித்த மாதிரி ஒரு பக்கம் குறிப்பு எழுதினேன். கண்டுபிடிப்பு என்று தோன்றினால் முதலில் இரண்டு நாள் அந்தப் பக்கத்தை மூடி வைப்பது என்ற பழக்கம் அதற்குப் பிறகு வந்தது.

எழுதி வைக்கும் முறையைப் பற்றி. சுருக்கத்தை விரித்தால், விரித்த எழுத்துகளை அடைப்புக்குள் போடுங்கள். தாளில் இருப்பது எது, நான் சேர்த்தது எது என்று ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் தெரிய வேண்டும். படிக்க முடியாத சொல்லுக்கு இடம் விட்டு, எத்தனை கோடு, மேலே குறி உண்டா என்று எழுதுங்கள். ஊகித்ததை உறுதியாக எழுதி வைத்தால் பின்னால் அதை நீங்களே நம்பிவிடுவீர்கள். வரி முடியும் இடத்தில் உங்கள் வரியையும் முடியுங்கள், அப்போதுதான் எழுத்தர் ஒரு வரியைத் தாவிவிட்டதை, அல்லது நீங்கள் தாவியதைக் கண்டுபிடிக்க முடியும். ஒரே சொல்லில் முடியும் இரண்டு வரிகள் அருகருகே இருந்தால் கண் மேலதிலிருந்து கீழதற்குக் குதித்துவிடும். இடைக்காலத் துறவிக்கும் நடந்தது, கணினி முன் உட்கார்ந்திருக்கும் எனக்கும் வாரம் ஒருமுறை நடக்கிறது. அப்புறம், கையால் எழுதுங்கள். அகலமான முனையுள்ள பேனா ஒன்று வாங்கி, சுவடியில் இருக்கும் எழுத்தை அதே வரிசையில் கோடு போட்டுப் பாருங்கள். ஒரு 'ஏ' எந்தக் கோட்டில் தொடங்கி எங்கே முடிகிறது என்று கைக்குத் தெரிந்துவிட்டால், மை மங்கிப்போன இடத்திலும் மீதியைக் கண் நிரப்பிக்கொள்ளும்.

எண்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரோமன் எண்ணில் நான்கு என்பது பெரும்பாலும் நான்கு 'ஐ'தான், கடைசி 'ஐ' மட்டும் 'ஜே' மாதிரி கீழே நீளும். இந்திய அரபு எண்கள் வரும் சுவடியில் நான்கு சுருக்கு முடிச்சு மாதிரியும் ஏழு கூரை மாதிரியும் இருக்கும்.

உண்மையான சுவடியைத் தொடும் வாய்ப்பு எனக்கு இரண்டாவது வருடக் கடைசியில்தான் கிடைத்தது, வேறொரு நூலகத்தின் வாசிப்பு அறையில். வெள்ளைக் கையுறை தருவார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன். இல்லை. கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு வெறும் கையால் தொடச் சொன்னார்கள், கையுறை போட்டால் விரலுக்கு உணர்ச்சி போய் ஓரத்தைக் கிழித்துவிடுவோம் என்பதுதான் காரணம். பேனா உள்ளே போகக் கூடாது, பென்சில் மட்டும். புத்தகத்தை முழுதாக விரிக்காமல் இரண்டு பக்கமும் நுரை அணை கொடுத்து, குட்டி மணிகள் கோத்த துணிச்சரத்தைப் பக்கத்தின் மேல் வைத்துக்கொள்ள வேண்டும்.

திரையில் பார்த்தே பழகிய எனக்கு, அது தோல் என்பது தொட்ட பிறகுதான் உறைத்தது. கன்று, ஆடு, செம்மறி இவற்றின் தோல். மயிர் இருந்த பக்கம் மஞ்சளாக, சன்னப் புள்ளிகளோடு இருக்கும். சதைப் பக்கம் வெளுப்பாக வழவழப்பாக இருக்கும். மிருதங்கம், பறை எதையாவது தடவிப் பார்த்தவர்களுக்கு அந்தப் புள்ளிகள் புதிதாக இருக்காது. எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வட இங்கிலாந்தில் எழுதிய 'அமியாத்தினுஸ்' என்ற முழு விவிலியத்தில் 1,030 ஏடுகள், ஒரு தோலுக்கு இரண்டு ஏடுதான், அப்படியென்றால் எத்தனை கன்று என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு எழுத்தை மிச்சப்படுத்த ஒரு கோடு போட்டவர்களை அதற்குப் பிறகு நான் ஒருநாளும் நொந்துகொள்ளவில்லை.

அந்தத் தோலிலேயே ஒரு துப்பும் இருக்கிறது. புத்தகத்தைத் திறந்தால் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் மயிர்ப் பக்கமாகவோ இரண்டும் சதைப் பக்கமாகவோ இருக்கும்படிதான் மடித்துக் கட்டுவார்கள். கிரெகரி என்ற அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதைக் கவனித்துச் சொன்னார். மஞ்சள் பக்கத்துக்கு எதிரே வெள்ளைப் பக்கம் வந்தால் நடுவில் ஒரு ஏடு போயிருக்க வாய்ப்பு உண்டு. ஒருமுறை ஒரு உரைநூலில் வாக்கியம் பாதியில் அறுந்து வேறெங்கோ தொடர்ந்தது, என் லத்தீன் போதவில்லை என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகு படத்தில் நிறத்தைப் பார்த்தேன், ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் வெள்ளை. ஏடு இல்லை. வாக்கியம் புரியாவிட்டால் இலக்கணத்தை மட்டும் பார்க்காமல் தோலையும் பாருங்கள்.

இப்போது கையெழுத்தைப் படிக்கும் மென்பொருள் வந்துவிட்டதே, பிறகு எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்கிறார்கள். நானும் டிரான்ஸ்கிரிபுஸ் பயன்படுத்துகிறேன். நூறு பக்கத்தில் ஒரு சொல் எங்கே வருகிறது என்று தேட அது பெரிய உதவி. ஆனால் அதன் தவறுகளும் லத்தீன் மாதிரியே இருக்கும். நான் 'ஆஸ்குல்தா' என்று எழுதினேனே, அதே வகைத் தவறு, அடிக்கடி பார்த்ததை இங்கேயும் பார்ப்பது. அந்தத் தவறைக் கண்டுபிடிக்க சுவடியைத் தானே படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

கால அளவையும் சொல்லிவிடுகிறேன், பலர் கேட்கிறார்கள். இலக்கணத்துக்கு ஒரு வருடம், வாரம் ஆறேழு மணி நேரம். அது இல்லாமல் எழுத்துக்குப் போகாதீர்கள், சுருக்கத்தில் முதலில் வெட்டுப்படுவது சொல்லின் வால்தான், அந்த வாலை நிரப்ப வேண்டியவர் நீங்கள். கரோலிங்கியனுக்கு மூன்று நான்கு மாதம். கோத்திக்குக்கு ஒரு வருடத்துக்கு மேல். தினமும் ஐந்து வரி என்பது ஞாயிற்றுக்கிழமை ஐம்பது வரியை விட நல்லது, ஏனென்றால் மூன்று நாள் விட்டால் அந்தக் கையெழுத்து அந்நியமாகிவிடுகிறது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்தாலும் இதெல்லாம் முடியும். ஈ-கோடிசெஸ், பாரிஸ் தேசிய நூலகத்தின் காலிக்கா, வாடிகன் நூலகத்தின் மின்தொகுப்பு, மூன்றும் எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றன. நான் செய்ததில் பெரும்பகுதி சூரிச்சில் சமையலறை மேசையில் நடந்ததுதான்.

போன குளிர்காலத்திலிருந்து வாடிகனில் உள்ள ஒரு சுவடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வாடிகன் லத்தீன் 9850. தாமஸ் அக்வினாஸ் தன் கையால் எழுதியது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் மிகப் பெரிய இறையியலாளர், ஆனால் அவருடைய கையெழுத்துக்கு 'படிக்க முடியாத எழுத்து' என்றே லத்தீனில் பெயர் வந்துவிட்டது. பின்னாளில் எழுத்தர்களை வைத்துச் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். யோசனை ஓடுகிற வேகத்துக்கு எழுதியிருக்கிறார், எழுத்துகள் காற்றில் சாய்ந்த நாற்று மாதிரி ஒரே பக்கமாகக் கிடக்கின்றன, அடித்தல்கள் வேறு. வாழ்நாள் முழுவதும் இதைப் படித்தவர்கள் இருக்கிறார்கள், நான் எனக்காகப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

ஆச்சி பாடிய பாட்டும் இவர் எழுதியதாகத்தான் கருதப்படுகிறது. நான்கு வாரத்துக்குப் பிறகு ஒரு வரியில் எனக்கு உறுதியாகத் தெரிந்த முதல் சொல், ஒரு 'ஜீ', அதன் தலையில் அவசரமாகப் போட்ட ஒரு குட்டி 'ஓ'. எர்கோ. அதைக் கோடு கோடாக நோட்டில் வரைந்து வைத்திருக்கிறேன். அதற்கு அடுத்த சொல் இன்னும் பிடிபடவில்லை. ஆறு கோடுகள், மேலே ஒரு சுருக்கக் குறி, கடைசியில் ஏதோ ஒரு உயிரெழுத்து. இடம் விட்டு வைத்திருக்கிறேன்.